புதுச்சேரியில் கைதட்டப் போன நாள்

புதுச்சேரிக்கு ஒருநாள் பயணம் என்றால் கடற்கரை, பிரெஞ்சு வீதிகள், ஐஸ்கிரீம் என்று நானே இந்த வலைப்பக்கத்தில் இரண்டு முறை எழுதியிருக்கிறேன். "வேற ஏதாவது சொல்லுங்க மேடம்" என்று நீங்களும் விடாமல் கேட்கிறீர்கள். சரி, இதோ வேறு ஒன்று. போன மாதம் ஒரு சனிக்கிழமை, நகரத்தின் நடுவே இருக்கும் இரண்டு உள்ளூர் டிவி நிலையங்களுக்குப் போய்வந்தேன். உண்மையைச் சொன்னால் நான் சுற்றிப் பார்க்கப் போகவில்லை, சண்டை போடப் போனேன்.

காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் அம்மா மூலக்குளத்தில் வாடகை வீட்டில் தனியாக இருக்கிறாள். மில் வேலை பார்த்த அப்பா போய்ப் பல வருடம் ஆகிறது. தம்பி பாபு நாலு வருடம் முன்பு பைக் விபத்தில் இறந்தான். இருபத்தொன்பது வயது. அதற்கு ஒரு வருடம் முன்பு, பிரியாணிப் பொட்டலம் தருகிறார்கள் என்று நண்பர்களோடு ஒரு லோக்கல் சேனலுக்குப் போய், பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்து கைதட்டிவிட்டு வந்தான். அந்தக் கைதட்டலை அந்தச் சேனல் விடவே இல்லை. ஞாயிறு காலை பதினொரு மணிப் பட்டிமன்றத்தில் யார் என்ன பேசினாலும், நடுவில் ஒரு நாலு நொடி என் தம்பி நீலச் சட்டையில் சிரித்துக்கொண்டே கைதட்டுவான். செத்த பிறகும்.

அம்மாவின் வாரமே அந்த நாலு நொடிக்காகத்தான். ஞாயிற்றுக்கிழமை குளித்து, தலைவாரி, பத்தே முக்காலுக்கே டிவி முன்னால் உட்கார்ந்துவிடுவாள். அவன் படத்துக்கு மாலை போட விடவில்லை, திதி கொடுக்க விடவில்லை. இந்த வருடம் மட்டும் குளியலறையில் இரண்டு தடவை வழுக்கி விழுந்துவிட்டாள். இரண்டாவது தடவை பக்கத்து வீட்டுக்காரர் கதவை உடைத்துத்தான் தூக்கினார். திண்டிவனத்துக்கு என்னோடு வந்துவிடு என்று கெஞ்சினால், "அங்க அந்தச் சேனல் வராதுடி" என்கிறாள். பென்டிரைவில் வாங்கித் தருகிறேன் என்றேன். "நாம போட்டா அது வெறும் போட்டோ. அவனா வரணும்" என்றாள். அந்தக் காட்சியை நிறுத்தச் சொல்வது என்று முடிவெடுத்தேன். பெற்றவளிடமிருந்து பிள்ளையை இரண்டாம் தடவை பிடுங்குகிற வேலை. தெரிந்தேதான் கிளம்பினேன்.

திண்டிவனத்தில் காலை 7.40க்குப் பஸ். 38 கிலோமீட்டர், டிக்கெட் 35 ரூபாய், புதுச்சேரி பஸ் நிலையத்தில் இறங்கும்போது 8.50. மிஷன் வீதிக்கு ஆட்டோக்காரர் 150 கேட்டார், 100க்கு இறங்கி வந்தார். நடந்தால் 25 நிமிடம், வெயில் ஏறுவதற்குள் என்றால் நடந்தே போய்விடலாம்.

"டிவி ஸ்டேஷனுக்கா? பாட்டு பாடப் போறீங்களாக்கா?" என்றார் ஆட்டோக்காரர்.

"இல்லப்பா. கைதட்டுறத நிறுத்தப் போறேன்."

கண்ணாடியில் என்னை ஒரு தரம் பார்த்தார்.

முதல் நிலையம் நேரு வீதியை ஒட்டிய சந்தில், ஒரு துணிக்கடையின் மாடியில். செய்தியும் விளம்பரமும் மட்டும் போடும் சின்னச் சேனல். பாபுவின் சேனல் மதியத்துக்கு மேல்தான் வரச் சொல்லியிருந்தது. காலையைச் சும்மா கழிப்பானேன் என்று இதற்கும் போன் செய்து அனுமதி வாங்கியிருந்தேன். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனால் ஜன்னலே இல்லாத அறை. சுவரெல்லாம் முட்டை அட்டைகளை ஒட்டிக் கறுப்புத் துணி போர்த்தியிருக்கிறார்கள். கீழே வீதியில் அத்தனை ஹாரன், இங்கே ஒரு பொட்டுச் சத்தம் இல்லை. நாம் பேசினால் வார்த்தை வாய்க்குப் பக்கத்திலேயே செத்து விழுகிறது. இரண்டு நிமிடத்தில் என் மூச்சு எனக்கே கேட்க ஆரம்பித்தது. இருதயக் கோளாறு உள்ளவர்களை அழைத்துப் போகாதீர்கள், விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

அங்கே கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருந்த பெண் கலா, பிறந்தநாள் வாழ்த்துகளையும் கண்ணீர் அஞ்சலிகளையும் தயார் செய்கிறவள். ஒரு பக்கம் பலூன், இன்னொரு பக்கம் கறுப்புப் பட்டை. இரண்டிலும் மாறி மாறிப் படங்களை ஒட்டிக்கொண்டிருந்தாள். பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு பெரியவர் முகம் பலூனுக்குள்ளும் வந்தது, கறுப்புப் பட்டைக்குள்ளும் வந்தது.

"அதே போட்டோதாங்க்கா" என்றாள் கலா. "பர்த்டேக்குக் குடுத்ததையேதான் இதுக்கும் குடுப்பாங்க. நான் பேக்ரவுண்ட மட்டும் மாத்துவேன்."

செய்தி வாசிக்க வந்த பெண்ணின் புடவையில் பச்சைக் கரை. பச்சை தெரியும் இடமெல்லாம் கம்ப்யூட்டர் கடல் படத்தை நிரப்பிவிடுவதால், பின்னால் தொங்கும் பச்சைத் திரைக்கு அது ஆகாது என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை போலிருக்கிறது. மானிட்டரில் அவள் தோளில் நீளமாக ஒரு பட்டை காணாமல் போய், அதன் வழியே கடல் அலையடித்தது. எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஆனாலும் நேரில் முழுசாக நிற்கும் ஒரு பெண்ணுக்குள் கடல் தெரிவதைப் பார்ப்பது அவ்வளவு சுகமாக இல்லை. பதினொன்றரைக்குக் கிளம்பிவிட்டேன்.

சாப்பாடு ரங்கப்பிள்ளை வீதிப் பக்கம் ஒரு மெஸ்ஸில். மீன் குழம்போடு 120 ரூபாய், பன்னிரண்டரைக்குள் போனால் இடம் கிடைக்கும். அங்கிருந்து பாபுவின் சேனலுக்கு 15 நிமிட நடை. பெரிய வாய்க்காலை ஒட்டிய பழைய பிரெஞ்சுக் கட்டடம், மரப்படி ஏறிப் போக வேண்டும். படிக்கட்டில் லைட் இல்லை, கைப்பிடியும் ஆடுகிறது. வயசானவர்கள் பார்த்து ஏறவும்.

மேலே இருந்தவர் கேமரா, எடிட்டிங் இரண்டையும் பார்க்கிறவர். அறுபதை நெருங்கும் ஆள். பெயரைச் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை, எல்லோருக்கும் அவர் 'முசே', பிரெஞ்சில் ஐயா என்கிற மாதிரி. கைதட்டும் காட்சி எப்படி எடுக்கிறார்கள் என்று அவரிடம்தான் தெரிந்துகொண்டேன். பேச்சாளர்களைப் படம் பிடிக்கும்போது பார்வையாளர்கள் அங்கே இருப்பதில்லை. பார்வையாளர்களைப் படம் பிடிக்கும்போது மேடையில் யாரும் இருப்பதில்லை. காலி மேடையைப் பார்க்கவைத்து, முசே "சிரிங்க" என்றால் சிரிக்க வேண்டும், "கைதட்டுங்க" என்றால் கைதட்ட வேண்டும். அரைமணி நேரம் எடுத்தால் போதும், வருடக்கணக்கில் வெட்டி வெட்டி ஒட்டிக்கொள்ளலாம்.

அப்படியென்றால் என் தம்பி யாரைப் பார்த்து அப்படிச் சிரித்தான்? யாரையுமே பார்க்கவில்லை.

போனில் இருந்த பாபுவின் படத்தைக் காட்டினேன். முசே உடனே கண்டுபிடித்துவிட்டார்.

"அட, நீலச் சட்டை! நடு வரிசை. நல்ல முகம்மா இவருக்கு, எந்தப் பேச்சுக்கும் ஒட்டும்."

"அத நிறுத்தணும் சார். அவன் என் தம்பி. இப்ப உசுரோட இல்ல." அம்மாவைப் பற்றி எல்லாவற்றையும் சொன்னேன். சண்டை போட வந்தவள், பாதியில் அழுதுவிட்டேன்.

முசே நாற்காலியை என் பக்கம் திருப்பினார். "நிறுத்தி மூணு மாசம் ஆச்சும்மா. புது மெஷின் வந்துச்சு, பழைய டேப்பு எதுவும் அதுல ஓடல. நீலச் சட்டை, மஞ்சப் பொடவை, எல்லாரும் போயிட்டாங்க. மூணு மாசமா வெறும் பேச்சாளருங்கதான். இன்னிக்குத்தான் புது ஆடியன்ஸ் எடுக்கறோம்."

அம்மா ஆறு நாள் முன்னால் போனில் சொன்னது அப்போதுதான் உறைத்தது. "தம்பி முடி வெட்டிக்கினான்போல இருக்குடி. முகம் பளிச்சுனு இருந்துச்சு" என்றாள். நான் வேலை பார்க்கும் கடையில் பில் போட்டுக்கொண்டிருந்ததால் உம் கொட்டிவிட்டு வைத்துவிட்டேன்.

போன ஞாயிறு ஒளிபரப்பானதைப் போடச் சொன்னேன். முசே ஓட்டிக் காட்டினார். ஐம்பது நிமிட நிகழ்ச்சி, ஆறு பேச்சாளர்கள், ஒரு நடுவர். கைதட்டல் சத்தம் மட்டும் வந்தது. ஒரு தலைகூட வரவில்லை. முதலில் எனக்கு வந்தது கோபம்தான். என்னோடு வராமல் இருக்கத்தான் பொய் சொல்கிறாளா? அம்மாவுக்குப் பொய் வராது. அப்படியானால் போன ஞாயிறு அவள் பார்த்தது யாரை?

அதற்குள் பார்வையாளர்கள் வந்து நாற்காலிகளில் உட்கார ஆரம்பித்தார்கள். கருவடிக்குப்பத்திலிருந்து ஒரு மகளிர் குழு, சில கல்லூரிப் பெண்கள். ஆள் குறைகிறது, நீங்களும் உட்காருங்கள் என்றார் முசே. மறுக்கத் தோன்றவில்லை. நடு வரிசையில் உட்கார்ந்தேன். எனக்கு இடப்பக்கத்து நாற்காலி காலி.

விளக்குகள் எரிந்தன. எதிரே காலி மேடை, ஆறு மைக்குகள், யாரும் இல்லை. "சிரிங்க" என்ற குரல் இருட்டிலிருந்து வந்தது. முப்பது பேரும் எதுவும் இல்லாததைப் பார்த்துச் சிரித்தோம். "ஆச்சரியப்படுங்க." வாயைப் பிளந்தோம். "இப்ப ரொம்ப வருத்தம்." எனக்கு அது சுலபமாக வந்தது.

"ஏம்மா, பக்கத்துல காலியா தெரியுது. இந்தப் பக்கம் தள்ளி உக்காருங்க" என்றார் முசே. எழப்போனேன். அவர் கேமராவில் கண்ணை வைத்து ஒரு நிமிடம் பார்த்தார். "வேணாம் வேணாம், அப்படியே இருங்க. இப்ப நிறைஞ்சிருக்கு" என்றார். "கைதட்டுங்க."

தட்டினேன். இடப்பக்கம் மட்டும் நான் திரும்பவில்லை. ஏன் என்று கேட்காதீர்கள். கழுத்து திரும்பவில்லை, அவ்வளவுதான். என் கைதட்டலுக்கு ஒட்டினாற்போல இன்னொரு கைதட்டல் கேட்டதாகத் தோன்றியது. முப்பது பேர் தட்டும் இடத்தில் எது யாருடையது என்று யார் சொல்ல முடியும்?

நாலே காலுக்கு முடிந்தது. பிரியாணிப் பொட்டலம் கொடுத்தார்கள். மூலக்குளத்துக்கு டவுன் பஸ் ஏறினேன், 10 ரூபாய், கால் மணி நேரம். மூன்று மாதமாக அவன் வரவே இல்லை என்று அம்மாவிடம் சொல்லிவிட வேண்டும் என்றுதான் வழியெல்லாம் நினைத்தேன். அவள் பிரியாணியைப் பிரித்து, பாதியைத் தனியாக எடுத்து மூடி வைத்தாள். யாருக்கு என்று நான் கேட்கவில்லை, சொல்ல வந்ததையும் சொல்லவில்லை. ஏழு மணிக்குத் திண்டிவனம் பஸ் பிடித்தேன்.

போக நினைப்பவர்களுக்கு: நாலைந்து நாள் முன்பே போன் செய்து கேளுங்கள், பெரும்பாலும் சரி என்பார்கள். கட்டணம் இல்லை. உள்ளே குளிர் அதிகம், சால்வை எடுத்துக்கொள்ளுங்கள். பச்சைத் துணி வேண்டாம். எனக்கு மொத்தச் செலவு நானூறைத் தாண்டவில்லை. ஒன்று மட்டும் யோசித்துவிட்டுப் பார்வையாளர் வரிசையில் உட்காருங்கள். நாம் எழுந்து வீட்டுக்கு வந்துவிடுகிறோம். அங்கே உட்கார்ந்தது எழுந்திருப்பதில்லை. நமக்குப் பிறகும் யாரோ ஒருவர் அதன் எதிரே தலைவாரி உட்காரக்கூடும்.

நான் போய்வந்த மறுநாள் ஞாயிறு, பார்வையாளர் இல்லாமல் முன்பே எடுத்த நிகழ்ச்சியையே போட்டார்கள். அடுத்த ஞாயிறு பதினொன்று இருபதுக்கு அம்மா போன் செய்தாள். குரலில் அப்படி ஒரு சந்தோஷம்.

"உன்னப் பாத்தேன்டி! டிவில! சொல்லவே இல்லியே நீ?"

"ஆமாம்மா. சும்மா உக்காந்தேன்."

"ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல. அவன் உன்னையே பாத்துக் கைதட்டுறான். நீ இன்னாடி, அவன் பக்கம் திரும்பவே இல்ல? கோவமா?"

அம்மா பேசிக்கொண்டே போனாள். "இனிமே எனக்கு இங்க இன்னா வேலை? அவன்தான் உன்கிட்ட வந்துட்டானே. வந்து என்ன இட்டுனு போ."

முசேவின் எண் என்னிடம் இருக்கிறது. அந்தக் காட்சியை அனுப்புங்கள் என்று கேட்டால் அனுப்பிவிடுவார். நான் கேட்கவில்லை, கேட்கப்போவதும் இல்லை.

அன்று மாலையே போய் அம்மாவை அழைத்துவந்தேன். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம், பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை. முதலிலேயே ஏறியதால் மூன்று பேர் இருக்கை கிடைத்தது. அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து, நடுவில் ஓர் ஆள் இடம் விட்டு, "நீ அந்த ஓரம் உக்காரு" என்றாள். உட்கார்ந்தேன். கைக்குழந்தையோடு ஒருத்தி எங்களை ஒட்டியே நின்றுகொண்டு வந்தாள். திண்டிவனம் வரும்வரை, அந்த நடு இடத்தில் உட்காரட்டுமா என்று அவளும் கேட்கவில்லை, வேறு யாரும் கேட்கவில்லை.