பூனை யாரென்று மாரித்தாய் சொல்லவில்லை

சித்திரபுரத்துக்கு மேலே நாலு மைல் ஏறினால் வருகிற தேயிலை எஸ்டேட்டில், ஆறாம் நம்பர் காட்டில் கொழுந்தெடுத்தவள் மாரித்தாய். கல்யாணத்துக்கு முன்னால் இரண்டு வருஷம் ஃபாக்டரியில் தேயிலைப் பெட்டிகளின்மேல் கறுப்பு மையால் எழுத்தும் எண்ணும் போடும் வேலை பார்த்தாள். கை சும்மா இருக்காது. ஒரு மூடியின் அடிப்பக்கத்தில், ஃபாக்டரியை நடத்துகிற டீமேக்கரை அவர் தொப்பையோடு வரைந்து வைத்தாள். பெட்டியைத் திறந்தவன் கொச்சியில் சிரித்தானோ என்னவோ, ஃபாக்டரியில் யாரும் சிரிக்கவில்லை. அவளைக் காட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

எழுபத்து மூன்றின் கடைசியில் ஆறாம் நம்பருக்குப் புது சூப்பர்வைசர் வந்தான். கொல்லங்கோட்டுப் பக்கத்து ஆள், பெயர் செங்கோட்டையன். காக்கி அரைக்கால் சட்டை, தொப்பி, கையில் பிரம்பு. பெண்கள் காலையில் காட்டில் இறங்கினால் குடியிருக்கிற லயத்துக்குத் திரும்பச் சாயங்காலம் நாலரை மணி ஆகும். நடுவில் ஒதுங்கவேண்டுமென்றால் தேயிலைச் செடியின் மறைவுதான். அந்த மறைவுக்கு அந்தப் பக்கம் ஒரு தொப்பி தெரிய ஆரம்பித்தது. ஒரு நாள் கூடக் கொழுந்தெடுக்கிற சோலை பார்த்தாள், இன்னொரு நாள் சின்னத்தாய். பெண்கள் காட்டில் தண்ணீர் குடிப்பதையே விட்டார்கள். சின்னத்தாய் நீர்க்கடுப்பில் மூன்று நாள் டிஸ்பென்சரியில் கிடந்தாள்.

மாரித்தாய் ஆபீசுக்குப் போய்ப் பராதி சொன்னாள்.

"சாட்சி உண்டா?" என்று கேட்டார் கிளார்க்.

"எங்களப் பாத்தவன்தான் சாட்சி. அவனையே கூப்பிட்டுக் கேளுங்க."

கிளார்க் சிரித்துக்கொண்டே வேறு காகிதத்தை எடுத்தார். யூனியன்காரரோ, பொம்பளைங்க சமாச்சாரத்தையெல்லாம் மேடையில் பேச முடியாது என்று சொல்லிவிட்டார்.

அடுத்து வந்த சித்திரை விடுமுறைக்கு ஃபாக்டரிச் சுவரில் படம் போட்டார்கள். மின்சார போர்டு மனமகிழ் மன்றத்தின் புரொஜெக்டர் வாடகைக்கு வந்தது. அதை ஓட்டுகிற செல்லத்துரை, மாரித்தாயின் தங்கை புருஷன். பிள்ளைகளுக்கென்று முதலில் ஒரு பூனை எலிக் கார்ட்டூன். பூனையின் வால் பற்றி எரிந்தது. சுத்தியல் விழுந்து அது அப்பளமாய்த் தட்டையானது. மறுநொடி எழுந்து எலியைத் துரத்தியது. பிள்ளைகள் உருண்டு உருண்டு சிரித்தார்கள்.

"எத்தன அடி விழுந்தாலும் புத்தியே வரல பாரு. நம்ம ஆளேதான்" என்றாள் சின்னத்தாய்.

மாரித்தாய் சிரிக்கவில்லை. சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். படம் முடிந்ததும் செல்லத்துரையிடம் போனாள்.

"தம்பி, இது எப்படி நகருது?"

"ஒவ்வொண்ணும் தனித்தனிப் படம் மதினி. கொஞ்சங் கொஞ்சமா மாத்தி வரஞ்சிருக்கான். ஓட்டுனா ஓடுது."

"நான் வரஞ்சா ஓடுமா?"

செல்லத்துரை விளையாட்டாகத்தான் எடுத்துக்கொண்டான். மன்றத்தில் குப்பைக்குப் போகவிருந்த கறுத்துப்போன ஃபிலிம் சுருளை அடுத்த ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்து கொடுத்தான். ஊசியால் கீறினால் கறுப்பு உரிந்து வெள்ளைக் கோடு விழும் என்று காட்டினான். ஒரு கட்டம் சுண்டுவிரல் நகத்தளவு. பெட்டியில் எழுத்துப் போட்ட கைக்கு அது பெரிய காரியமாகத் தெரியவில்லை. எட்டுக் கட்டத்தில் ஒரு எலி கீறினாள். மன்றத்தில் ஓட்டிப் பார்த்தபோது அது விசுக்கென்று ஒரு துள்ளுத் துள்ளி மறைந்தது. மாரித்தாய் கையைத் தட்டிக்கொண்டு, "இன்னொருக்கா போடு, இன்னொருக்கா போடு" என்று ஏழு தடவை ஓட்டச் சொன்னாள்.

அதற்குப் பிறகு ஒரு வருஷம் ஞாயிற்றுக்கிழமைப் பகல்களெல்லாம் அதற்கே போயின. ஜன்னல் வெளிச்சத்தில் ஃபிலிமை விரித்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு கீறுவாள். புருஷன் அழகுமலை, ஃபாக்டரியில் அடுப்புக்கு விறகு தள்ளுகிறவன், பயந்த சுபாவம்.

"வேல போயிரும்டி."

"போகட்டும். ஒண்ணுக்குப் போக விடாத வேல இருந்தா என்ன, போனா என்ன?"

அவன் எழுந்து அடுப்படிக்குப் போனான். சோற்றை அவனே வடித்தான்.

எழுபத்தைந்து சித்திரைக்கு மறுபடி படம் வந்தது. மானேஜர் தொரை முன்வரிசை நாற்காலியில், பக்கத்தில் அவர் மனைவி, பின்னால் சூப்பர்வைசர்கள். செல்லத்துரை ரீலை மாட்டாமல் கையிலேயே வைத்திருந்தான்.

"மதினி, எனக்குச் சோறு போடுற வேல இது."

"நீ ரீல மாட்டு. வரஞ்சது யாருன்னு கேட்டா எம்பேரச் சொல்லு."

பிள்ளைகளின் கார்ட்டூன் முடிந்தது. சுவர் கறுத்தது. கறுப்பில் வெள்ளைக் கோடுகள் நடுங்கிக்கொண்டு எழுந்தன. தேயிலைச் செடி ஒன்று. அதன் பின்னால் தொப்பி போட்ட ஒரு பூனை. கூடை மாட்டிய பெண் எலி வந்து செடி மறைவில் உட்கார, பூனையின் கழுத்து ரப்பராய் நீண்டு செடியைத் தாண்டி எட்டிப் பார்த்தது. செடி திரும்பி அதன் மூக்கில் ஒரு குத்து விட்டது. படத்துக்குச் சத்தம் கிடையாது. சத்தம் கொடுத்தது பின்னால் நின்ற அறுபது பெண்கள். "மியாவ்" என்று சின்னத்தாய் ஆரம்பிக்க, அத்தனை பேரும் இழுத்தார்கள். சுவரில் எலிகள் பூனையின் அரைக்கால் சட்டையை உருவி, வாலைத் தராசில் கட்டித் தொங்கவிட்டு எடை போட்டன. பூனை தொப்பியால் முன்பக்கத்தை மறைத்தது. பின்பக்கத்தை மறைக்க இன்னொரு தொப்பி தேடியது. கடைசியில் கீழே விழுந்து தட்டையாகிப் போனது. அந்தப் பூனை எழுந்திருக்கவில்லை. எலிகள் அதைக் கம்பளியாக விரித்து, மேலே உட்கார்ந்து தேநீர் குடித்தன. மொத்தம் ஒரு நிமிஷம்கூட இல்லை. தொரையின் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள்.

செங்கோட்டையன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான்.

"நிறுத்துடா! ஏனுங்க தொரை, இவளுக என்னையப் பூனையாட்டம் போட்டு அசிங்கப்படுத்தறாளுங்க!"

"ஓஹோ, அது நீங்கதானா?" என்றாள் சோலை.

மறுநாள் ஆபீசில் விசாரணை. ஃபிலிம் சுருள் தொரையின் மேஜைமேல் இருந்தது.

"பூனை யாரு?" என்று கேட்டார் தொரை.

"பூனைங்க தொரை."

"விளையாடாதே."

"நான் பூனைன்னுதான் வரஞ்சேன். அவருதான் நானுன்னு சொன்னாரு. அந்தப் பூனை செஞ்சதுல எத அவரு செஞ்சாருன்னு அவரயே கேளுங்க."

தொரை அவன் பக்கம் திரும்பினார். செங்கோட்டையன் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டான்.

"தொப்பிங்க... அந்தத் தொப்பி என்ற தொப்பியாட்டமே இருக்குதுங்க."

"இந்த எஸ்டேட்ல பதினோரு பேருக்குத் தொப்பி இருக்கு" என்றாள் மாரித்தாய். "மத்த பத்துப் பேரும் சிரிச்சிட்டு இருந்தாங்க தொரை."

கிளார்க் எழுதுவதை நிறுத்திவிட்டார். தொரைக்கு விஷயம் விளங்கிவிட்டது. ஆனால் ஒரு கூலிக்காரி ஜெயித்ததாக இருக்கக்கூடாது என்பதும் அவருக்கு முக்கியம். ஆபாசப் படம் காட்டியதற்கு மன்னிப்பு என்று காகிதம் தயாரானது, அவள் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

"ஒப்பு போடு. இதோட விட்டுடறேன்."

"நான் சொல்லாத வார்த்தைக்கு என் ஒப்பு எதுக்குங்க?"

பத்து நாள் சஸ்பெண்ட்.

அடுத்த நாள் காலை மஸ்டரில் பெயர் கூப்பிட்டபோது ஆறாம் நம்பர்ப் பெண்கள் ஒருத்தியும் காட்டில் இறங்கவில்லை. கூடையைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்தார்கள். "தொப்பி வந்தா நாங்க வரல" என்றாள் சின்னத்தாய். கோடைமழை பெய்து கொழுந்து தளதளவென்று நின்ற நேரம். இரண்டு நாளில் முற்ற ஆரம்பித்தது. இப்போது யூனியன்காரருக்கும் மேடை கிடைத்துவிட்டது. மூன்றாம் நாள் செங்கோட்டையனை ஸ்டோருக்கு மாற்றினார்கள். உரமூட்டை எண்ணுகிற வேலை. காட்டில் மூன்று இடத்தில் குழி வெட்டி, மூங்கில் நட்டு, சாக்குப் படுதா கட்டினார்கள். மாரித்தாயின் பத்து நாளை மட்டும் குறைக்கவில்லை. அவளும் குறைக்கச் சொல்லிக் கேட்கவில்லை.

பதினோராம் நாள் வேலைக்குப் போனவள், சாயங்காலம் நேராகத் தொரையின் பங்களாவுக்குப் போனாள்.

"என் ஃபிலிம் வேணும்."

"அது கம்பெனி விசாரணைச் சாமான்."

"விசாரணை முடிஞ்சு போச்சுங்க. ஃபிலிம் என்னோடது."

திருப்பி அனுப்பிவிட்டார்கள். அடுத்த வாரமும் போனாள், அதற்கடுத்த வாரமும். நாலாவது தடவை தொரையின் மனைவியே சுருளைக் கொண்டுவந்து கையில் கொடுத்தாள். தொரைமார் கூடுகிற பிளாண்டர்ஸ் கிளப்பில் இரண்டு தரம் ஓட்டிப் பார்த்ததாக, தெரிந்த நாலு தமிழ் வார்த்தையில் சொன்னாள்.

மாரித்தாய் அங்கேயே, பங்களா முற்றத்தில் நின்று, சுருளை வெயிலுக்குப் பிடித்து ஒவ்வொரு கட்டமாக எண்ணினாள். சட்டை உருவுகிற இடத்தில் பதினோரு கட்டம் அறுந்துபோயிருந்தது.

"கிளப்புல அத்துட்டீங்க" என்றாள். "பரவால்ல. அத நான் திரும்ப வரஞ்சுக்கிடுதேன். இந்தத் தடவ இன்னும் நல்லா உருவணும்."