கரும்புக்குள் எடுத்த கடைசிக் காட்சி

அந்தப் படத்தில் ஒரு தாய் தன் பிள்ளையைக் கொலைகாரனிடமிருந்து காப்பாற்றுகிறாள். பிள்ளை வருவது கடைசிக் காட்சியில் மட்டும்தான். அதுவரை காணாமல் போயிருக்கும். அந்தக் காட்சியை எடுக்க, மூங்கில்துறைப்பட்டுப் பக்கம் நாங்கள் கரும்பு வெட்டிக்கொண்டிருந்த கொல்லைக்கு வந்து இறங்கினார்கள். சென்னையிலிருந்து கூட்டிவந்த குழந்தைக்குக் கரும்பின் சோகை இலை பட்டு உடம்பெல்லாம் தடிப்பு. என் மகளுக்கு நாலு வயது, சோகை பழக்கம். அவளைக் கேட்டார்கள். சினிமா என்றதும் எனக்கும் பல்லெல்லாம் தெரிந்தது. சரி என்றேன்.

வில்லனாக நடித்தவர் தங்கமான மனிதர். மகளுக்கு பிஸ்கட் கொடுத்து, முகமூடியைக் கழற்றிக் காட்டினார். அவள் அதை வாங்கித் தானே மாட்டிக்கொண்டாள். இயக்குநருக்கு முகம் வாடிவிட்டது.

கரும்புக்குள் தனியாக நின்று அவள் "அம்மா" என்று கத்த வேண்டும். கத்தினாள். வரப்பில் வேடிக்கை பார்த்த பெண்கள் அத்தனை பேரும், என்னையும் சேர்த்து, "இன்னா கண்ணு?" என்றோம். கரும்புக்குள் கையெட்டும் தூரத்தில் நிற்பவர்கூடத் தெரியமாட்டார். பிள்ளை கூப்பிட்டால் யார் பிள்ளை என்று பார்ப்பதில்லை, குரல் கொடுத்துவிடுவோம். இல்லாவிட்டால் அது பயந்துபோகும். அடுத்த தடவையும் அதே கதைதான். அதற்கடுத்த தடவை எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டோம். ஒருத்தி தும்மினாள், மகள் சிரித்துவிட்டாள்.

"அக்கா, எல்லாரையும் கூட்டிக்கினு ரோட்டாண்ட போயிடுங்க. அப்பத்தான் கொழந்த நெஜமா அழுவும்," என்றார் இயக்குநர்.

போனோம். மகள் கூப்பிட்டாள். யாரும் பதில் சொல்லவில்லை. மறுபடியும் கூப்பிட்டாள். அப்படி ஒரு குரலில் அவள் என்னைக் கூப்பிட்டதே இல்லை. சோகை முகத்தைக் கிழிப்பதுகூடத் தெரியாமல் ஓடினேன். முகமூடியோடு அவளைத் தூக்கப்போனவருக்குச் செருப்பால் ஒரு போடு போட்டுவிட்டு, பிள்ளையை வாரி இடுப்பில் வைத்துக்கொண்டேன்.

"ஷாட் ஓகே," என்றார் இயக்குநர். தங்கமான மனிதர் காதைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார். இன்னொரு தடவை எடுக்கலாமா என்று யாரும் என்னைக் கேட்கவில்லை.

படம் கள்ளக்குறிச்சிக்கு வந்ததும் மகளைக் கூட்டிக்கொண்டு போனேன். கடைசியில் அவள் கரும்புக்குள் அழ, தியேட்டரே உச்சுக்கொட்டியது. எனக்கு அந்தக் குரலைத் தாங்க முடியவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன்.

"அழுவாதம்மா, இப்ப நீ வந்துடுவ," என்றாள் மகள்.

வந்தது கதாநாயகி. முடி பறக்க, காற்றில் மிதக்கிற மாதிரி, ஒரு பாட்டு முடியும்வரை ஓடிவந்தாள். பக்கத்தில் இருந்தவர்கள் கைதட்டினார்கள்.

மகள் பொறுமையாகப் பார்த்தாள். பிறகு என் கழுத்தைக் கட்டிக்கொண்டு காதில் சொன்னாள்:

"இவுங்க லேட்டும்மா. நீ சீக்கிரம் வந்துட்ட."