ஈப்போ வரைக்கும் சூடு

பிறந்து ஒரு நாளே ஆன பிள்ளை பச்சையாக வாந்தியெடுத்தது. குடல் அடைப்பு. மலையிறங்கி ஈப்போ ஆஸ்பத்திரியில் அறுவை செய்தாக வேண்டும். தாய் விக்னேஸ்வரியால் எழுந்து உட்காரவும் முடியவில்லை. தேயிலைத் தோட்டக் கிளினிக்கின் நர்ஸ், மிஸி அற்புதம்மாள், தகப்பன் குகனை வேனில் ஏற்றினார்.

"சட்டையக் கழட்டு."

"என்னா மிஸி, இந்தக் குளிர்லயா?"

"ஒனக்குக் குளிரட்டும். அதுக்குக் குளிரக்கூடாது. நெஞ்சோட ஒட்டி வச்சுக்க."

இருவரையும் சேர்த்துக் கம்பளியால் போர்த்தினார்.

போன வருடம் இதே வேனில் அவர் கொண்டுபோன குழந்தைக்கு அறுவை நன்றாகவே முடிந்தது. ஆனாலும் இறந்துபோனது. விதி என்றது தோட்டம். விதி வசதியான சொல். சொல்லிவிட்டால் அப்புறம் யாரும் எதுவும் செய்ய வேண்டியதில்லை. அற்புதம்மாள் மட்டும் மருத்துவரிடம் காரணம் கேட்டார். எடைக் குறைவு, கிருமித் தொற்று, உடல் குளிர்ந்துபோவது: கத்தி வைக்கும் முன்பே ஆபத்தைக் காட்டிவிடும் அடையாளங்கள் இவை என்றார் மருத்துவர். கடைசியையாவது தடுக்கலாமே என்று பிள்ளையை வைத்துக் கொண்டுபோகச் சூடேற்றும் பெட்டி கேட்டார் அற்புதம்மாள். பார்க்கலாம் என்றது நிர்வாகம்; பெட்டி வரவே இல்லை. கொழுந்தை வாட்ட இரவு பகலாகச் சூடான காற்று ஊதும் தோட்டம் அது!

கியா பார்மில் ஸ்ட்ராபெரி வாங்க வந்தவர்களின் கார்கள் சாலையை அடைத்து நின்றன. ஓட்டுநர் வேலப்பன் ஹார்ன் அடித்தே வழி எடுத்தார். கோலா தெர்லா தாண்டி, இறக்கத்தில் இருந்த முனியாண்டி கோயிலருகே வேனை ஓரங்கட்டினார்.

"ரெண்டு நிமிசம்லா மிஸி. சூடம் கொளுத்திட்டு வந்துடுறேன். பிள்ளையக் குடுங்க, துன்னூறு பூசணும்."

"கதவத் தொறக்காதீங்கண்ணே!"

"நீங்க வேதக்காரங்க, ஒங்களுக்குத் தெரியாது. முனியக் கும்பிடாம நான் இந்த மலைய எறங்குனதே இல்ல."

"மாதா கோயிலா இருந்தாலும் நிறுத்த விடமாட்டேன். ஏறுங்க!"

அதற்குள் வேலப்பன் கதவைத் திறந்துவிட்டார். பனி உள்ளே புகுந்தது. பிள்ளையின் அழுகை தேய்ந்தது.

"குகா, நீதான் அப்பன். நீ சொல்லு. நாளைக்கு ஏதாச்சும் ஆனா என்னையக் கேக்காத," என்றார் வேலப்பன்.

குகன் கோயிலைப் பார்த்தான். அவனும் இங்கே நிற்காமல் போனவனல்ல. வயிற்றில் பட்ட அந்தச் சின்னக் கால்கள் சில்லிட்டிருந்தன.

"காலு ஐஸாட்டம் இருக்கு மாமா. கதவச் சாத்துங்க."

"சாமி கோவிச்சுக்கும்டா."

"என்மேல கோவிக்கட்டும். வண்டிய எடுங்க!"

வேலப்பன் கதவை அறைந்து சாத்தினார். அற்புதம்மாள் தன் ஸ்வெட்டரைக் கழற்றி அந்தக் கால்களைச் சுற்றினார். ஈப்போ வரும்வரை அவற்றைத் தன் கைக்குள்ளேயே வைத்திருந்தார்.

மருத்துவர் முதலில் உடல் சூட்டைத்தான் பார்த்தார்.

"சரியா இருக்கு. உடனே உள்ள எடுத்துடலாம்."

"பொழைச்சுருமா டாக்டர்?" என்று கேட்டான் குகன்.

"எடை கம்மி, அதனால பயம் இருக்கு. குளிர்ந்துபோய் வந்திருந்தா இன்னும் பயந்திருப்பேன்."

மாலையில் பிள்ளை உயிரோடு வெளியே வந்தது, செயற்கை மூச்சில்.

"முனி மன்னிச்சிட்டாருலா," என்றார் வேலப்பன்.

"இவ்ளோ நல்லவரு, கதவ மூடுன்னு அப்பவே ஒங்ககிட்டச் சொல்லலியே மாமா," என்றான் குகன்.

அற்புதம்மாள் சிரிக்கவில்லை; போன வருடக் குழந்தையும் அறுவை நன்றாக முடிந்த பிறகுதான் போனது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கிருமி தொற்றிப் பிள்ளையின் வயிறு உப்புகிறதா என்று பார்த்துக்கொண்டே நின்றார்.