ஃபாதரின் பால் ஜாயிண்ட்

எங்கள் பங்குச் சாமியாரின் காரில் எந்தச் சாமானை முதலில் மாற்ற வேண்டும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தே வேறொன்றை மாற்றினேன். மாற்றிவிட்டு, “எல்லாம் ஓகே ஃபாதர், தைரியமா ஓட்டுங்க” என்று சொல்லிச் சாவியையும் கொடுத்தேன்.

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் முப்பத்தெட்டு வருடம் கார் வொர்க்‌ஷாப் நடத்தியவன் நான். இப்போது இந்த வேலைக்கு வருகிறவர்களுக்காக முதலில் வரிசையைச் சொல்லிவிடுகிறேன். காருக்கு அடியில் பல சாமான்கள் தேய்ந்திருந்து, எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற முடியாவிட்டால், சக்கரத்தைப் பிடித்துக்கொண்டிருப்பவை முதலில்: பந்துபோல் உருளும் பால் ஜாயிண்ட், ஸ்டீயரிங் கம்பியின் முனையான டை ராட் எண்ட். அடுத்து, காரைத் துள்ளவிடாமல் அடக்கும் அப்சோர்பர். சத்தம் மட்டும் போடுகிறவை கடைசியில். ஸ்டெபிலைசர் லிங்க் என்பது விரல் தடிமனில் ஒரு சிறு கம்பி. அது தேய்ந்தால் தெருவுக்கே கேட்கும். ஆனால் ஆளைக் கொல்லாது. பால் ஜாயிண்ட் பல சமயம் வாயே திறக்காது. ஒருநாள் கழன்றுகொள்ளும். சக்கரம் பக்கவாட்டில் படுத்துவிடும்.

ஃபாதரின் பழைய காரில் இரண்டும் போயிருந்தன. ஃபாதர் காஜாங்கில் பிறந்தவர், என்னைவிட முப்பது வயது இளையவர், பிரசங்கத்தில் வேடிக்கை பேசுகிறவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை, “நான் வரும்போது கோயில் மணி அடிக்கத் தேவையில்லை. அருள் அங்கிள் பழுது பார்த்த கார் ‘கொடக் கொடக்’ என்று அறிவித்துவிடுகிறது” என்று என்னைக் காட்டிச் சொன்னார். பாடகர் குழு சிரித்ததில் அடுத்த பாட்டே தாமதமானது.

அந்த வியாழக்கிழமை காரைக் கொண்டுவந்தார். கடப்பாரையை விட்டு நெம்பிப் பார்த்தேன். இடது பால் ஜாயிண்ட் ஆடிய பல்லைப்போல ஆடியது. அதற்கு ஆர்டர் கொடுத்து மறுநாள்வரை காத்திருக்க வேண்டும். லிங்க் என் அலமாரியிலேயே இருந்தது.

“மத்தியானம் எனக்குக் கார் வேணும் அங்கிள். எது முக்கியமோ அதை மட்டும் செய்ங்க. எனக்கு என்ன தெரியும்?” என்றார்.

எனக்கு முக்கியமாகப் பட்டது பாடகர் குழுவின் சிரிப்பு. லிங்க்கை மாற்றினேன்.

ஞாயிறன்று ஃபாதர், “இன்றைக்கு நான் வந்தது யாருக்காவது கேட்டதா?” என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். நான் எழுந்து நின்று கும்பிட்டேன். அதை நினைத்தால் இன்றும் காது சூடாகிறது. ஏனென்றால் அடுத்த அறிவிப்பு, வரும் சனிக்கிழமை மாலை இரண்டு கன்னியாஸ்திரீகளை ஏற்றிக்கொண்டு, கேரி தீவில் எஸ்டேட் மக்களுக்குப் பூசை வைக்க ஃபாதர் போகிறார் என்பது.

திங்கட்கிழமை போன் செய்து, “சும்மா ஒரு செக்கப்புக்குக் கொண்டுவாங்க ஃபாதர்” என்றேன்.

“இப்ப ஜோரா ஓடுதே அங்கிள், எதுக்கு?”

கைதட்டல் வாங்கிய வாயால் அதற்கு மேல் பேச முடியவில்லை. சாமியாரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டால் தைரியம் வரும், பிறகு போனில் சொல்லிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். எங்கள் கோயிலில் செய்தால் கேட்பவர் ஃபாதரே. ஆகவே சனிக்கிழமை காலை கிள்ளானுக்குப் போனேன். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம், அங்கே பல சாமியார்கள் வந்து பாவசங்கீர்த்தனம் கேட்பார்கள்.

வரிசையில் எனக்கு முன்னால் எங்கள் பாடகர் குழு மேரி அக்கா நின்றிருந்தார்.

“நீயும் தப்பிச்சு வந்துட்டியா?” என்றார். “நம்ம ஃபாதருக்கு நம்ம கொரல் தெரியும் லா. இங்கன்னா நிம்மதி.”

என் முறை வந்தது. உள்ளே போய் மண்டியிட்டேன். துளையிட்ட பலகைக்கு அப்பாலிருந்து, “சொல்லுங்க மகனே” என்று வந்த குரல் எங்கள் ஃபாதருடையது. அவரையும் உதவிக்கு அழைத்திருக்கிறார்கள்!

என் குரல் தெரியக் கூடாதென்று மூக்கைப் பிடித்துக்கொண்டேன். “ஒருத்தர் காடியில சத்தம் போடுறதை மட்டும் மாத்திட்டு, ஆபத்தானதை விட்டுட்டேன் ஃபாதர்.”

“எது ஆபத்தானது?”

“பால் ஜாயிண்ட்.”

“எந்தப் பக்கம்?” என்று பாய்ந்து கேட்டுவிட்டு இருமினார். “அது தேவையில்ல. சரி, எந்தப் பக்கம்?”

“லெஃப்ட் சைடு. கழண்டா சக்கரம் படுத்துரும்.”

பிறகு, “அந்த ஆளை நேர்ல பார்த்துச் சொல்லுங்க. அதான் உங்க அபராதம்.”

“இப்ப சொல்லிட்ட மாதிரிதானே ஃபாதர்?”

“இங்க நீங்க கடவுள்கிட்ட சொல்லியிருக்கீங்க. அவருக்குக் கார் கிடையாது.” பலகையை விரலால் தட்டினார். “இங்க கேட்டதை வெளியில தெரிஞ்ச மாதிரி காட்டிக்க எனக்கு அனுமதியில்ல. புரியுதா மகனே? அந்த ஆளே இங்க உட்கார்ந்து கேட்டிருந்தாலும், நேரா போய்ச் சாவியைப் போட்டு கேரி தீவுக்குத்தான் ஓட்டுவாரு. சீக்கிரம் சொல்லுங்க!”

வெளியே வந்து, ஓடிப்போய் அவர் காரின் முன்னால் நின்றேன். ஒரு மணி நேரம் வெயிலில் நின்றேன். கடைசியில் ஃபாதர் வந்தார். மூக்கடைத்த குரலுக்குச் சொந்தக்காரன் யார் என்று தெரியாதவர்போல வானத்தைப் பார்த்தார்.

“அட, அருள் அங்கிள்! என்ன ஆச்சரியம்! ஏதாச்சும் சொல்லணுமா?”

சொன்னேன்.

“பால் ஜாயிண்ட்டா? லெஃப்…” என்று ஆரம்பித்து நிறுத்தினார். “லெஃப்ட்டா, ரைட்டா?”

“லெஃப்ட்டு, ஃபாதர்.”

அவ்வளவுதான். உள்ளே அடக்கி வைத்திருந்ததெல்லாம் வந்தது. “உங்களுக்குப் புத்தி இருக்கா அங்கிள்? ரெண்டு சிஸ்டரை ஏத்திக்கிட்டுப் போறேன் லா! கைதட்டினப்ப எழுந்து வேற நின்னீங்க!” வரிசையில் நின்றவர்கள் முழுவதையும் கேட்டார்கள். மேரி அக்கா கிட்டவே வந்து கேட்டார்.

கிள்ளான் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் சாமான் கிடைத்தது. கோயில் கார் நிறுத்துமிடத்திலேயே ஜாக்கி போட்டு, வெள்ளைச் சட்டையோடு அடியில் படுத்து மாற்றினேன். ஃபாதரோடு வந்திருந்த கன்னியாஸ்திரீகள் இருவரும் மாறிமாறி எனக்குக் குடை பிடித்தார்கள். கழற்றிய பால் ஜாயிண்ட்டை ஃபாதர் கையில் வாங்கி ஆட்டிப் பார்த்தார். அது எந்தத் தடையும் இல்லாமல் சுற்றியது. சிலுவை போட்டுக்கொண்டார். பூசைக்கு ஒரு மணி நேரம் தாமதமாக, மூன்று பேரும் முழுசாகப் போய்ச் சேர்ந்தார்கள்.

அதோடு கணக்குத் தீர்ந்தது என்று நினைத்தேன். திங்கட்கிழமை காலை வொர்க்‌ஷாப்பைத் திறக்கும்போது வாசலில் ஒன்பது கார்கள் நின்றன, எல்லாம் எங்கள் பங்கைச் சேர்ந்தவை. முதல் காரில் மேரி அக்கா.

“அருள், என் காடியைப் பத்தி ஏதாச்சும் சொல்லணுமா?”

“இல்லக்கா.”

“நல்லா யோசிச்சுச் சொல்லு. நான் கோவப்பட மாட்டேன்.”

யோசித்தேன். “போன வருசம் பின்னால அப்சோர்பர் ரெண்டும் மாத்தினேன்னு சொன்னேன்ல? ஒண்ணுதான்கா மாத்தினேன்.”

மேரி அக்கா கைப்பையால் என் தோளில் ஒரு போடு போட்டார். பிறகு பின்னால் நின்ற கார்களைப் பார்த்துக் கத்தினார்:

“எல்லாரும் எறங்கி வாங்க லா! இன்னிக்கு இவன் உண்மை பேசுறான்!”