நீங்கள் எங்கே நின்றீர்கள்?

எங்கள் காஞ்சிரப்பள்ளியில் கனடா போக நினைக்காத நர்ஸ் யாராவது இருந்தால் எனக்குக் காட்டுங்கள். லின்ஸியும் நானும் ஒரே ஆஸ்பத்திரி, ஒரே வார்டு, ஒரே பிரெஞ்சு வகுப்பு. பிரெஞ்சு பேசத் தெரிந்தால் கனடா விசாவுக்கு மதிப்பெண் கூடும். பேச்சுத் தேர்வில் நான் தேறிவிட்டேன். அவள் இரண்டு முறை போய் இரண்டு முறையும் கோட்டை விட்டாள். வயது ஏற ஏற கனடாக்காரன் மதிப்பெண்ணைக் குறைத்துக்கொண்டே வருவான். இந்த முறையும் தோற்றால் அவ்வளவுதான், இங்கேயே ஊசி போட்டுக்கொண்டு கிடக்க வேண்டியதுதான்.

அவளைப் படுத்தியது இறந்தகாலம். பிரெஞ்சுக்காரனுக்கு அது ஒன்று போதாது. நடந்து முடிந்ததற்கு ஒன்று, அப்போது சுற்றிலும் எப்படி இருந்தது என்பதற்கு இன்னொன்று. இதற்கு எங்கள் பிரெஞ்சு வாத்தியார் டென்னி சார் ஒரு வழி வைத்திருந்தார். சத்தத்தை அணைத்துவிட்டு ஒரு வீடியோவை ஓட்டுவார். முடிந்ததும் "என்ன நடந்தது, சொல்லுங்க" என்பார். யாரோ ஒரு வெள்ளைக்காரன் சாவியைத் தொலைத்துவிட்டு மழையில் நிற்பான். அதைப் பார்த்துவிட்டு லின்ஸி ஊமை மாதிரி நிற்பாள்.

"அவன் சாவி போனா எனக்கென்ன சேச்சி? அவன் யாரு, எந்த வீட்டுப் பிள்ளை, ஒண்ணும் தெரியாது. எப்படி வாய் வரும்?"

"வீட்டுப் பேரைக் கேட்டுட்டுத்தான் பேசுவியா? மாப்பிள்ளை பாக்கவாடி வந்தே?"

சிரிப்பாள் என்று நினைத்தேன். அழுதுவிட்டாள்.

அவள் புருஷன் ரோயிச்சன் ஸ்டூடியோ வைத்திருக்கிறான். கல்யாணம், ஞானஸ்நானம், சாவு, எல்லாம் எடுப்பான். பாதிக் குடும்பம் வெளிநாட்டில் இருக்கும் எங்கள் ஊரில் வீடியோ இல்லாமல் ஒரு பெட்டி மண்ணுக்குள் இறங்காது. லின்ஸி அவன் கம்ப்யூட்டரில் முதலில் கல்யாண வீடியோ ஒன்றைப் போட்டாள். "எல்லாரும் சும்மா சிரிச்சுக்கிட்டே இருக்காங்க, ஒண்ணும் நடக்க மாட்டேங்குது" என்று மூடிவிட்டு சவ அடக்கங்களைத் திறந்தாள். அங்கேதான் அவளுக்கு பிரெஞ்சு வந்தது. மழை பெய்துகொண்டிருந்தது, எல்லோரும் குடையோடு நின்றுகொண்டிருந்தார்கள், அப்போது துபாய் மகன் வந்து இறங்கினான், பெட்டி மேல் விழுந்தான். எல்லாம் தெரிந்த வீடு, தெரிந்த முகம்.

"ஏய், ஊர்ச் சாவையெல்லாம் சோத்து நேரத்துல ஓட்டாதே. மீன்கறி தொண்டையில இறங்கல" என்பான் ரோயிச்சன்.

"நீங்க எடுத்ததுதானே இச்சாயா? காசு வாங்கும்போது இறங்குச்சுல்ல?"

எனக்கும் எரிச்சல்தான். டீ குடிக்கப் போனால் அங்கேயும் ஒரு சாவு சொல்வாள். ஆனால் பேச்சு சரளமாகிவிட்டது, அதை இல்லையென்று சொல்ல முடியாது.

தேர்வுக்கு முந்தின வாரம் தன் அம்மாவின் அடக்கத்தைப் போட்டாள். அம்மா இறந்தபோது லின்ஸி குவைத்தில் வேலையில் இருந்தாள். லீவு கொடுக்கவில்லை. ரோயிச்சன் நேரலையாக அனுப்பியதைப் போனில் பார்த்திருக்கிறாள், பாதியில் அறுந்துவிட்டது. அப்புறம் அதை அவள் தொடவே இல்லை. இப்போது பக்கத்தில் என்னை உட்காரவைத்துக்கொண்டு முழுவதையும் பிரெஞ்சில் சொன்னாள். அப்பச்சன், அவள் அப்பா, செருப்பில்லாமல் பெட்டிக்குப் பின்னால் நடந்தார், அண்ணன்கள் நெற்றியில் முத்தம் கொடுத்தார்கள், கல்லறைத் தோட்டம் சேறாக இருந்தது. எங்கேயும் தட்டவில்லை.

"நீ தேறிட்டேடீ" என்றேன். மனசார நம்பித்தான் சொன்னேன்.

கொச்சியில் தேர்வு. தேர்வாளர் ஒரு பிரெஞ்சுப் பெண். உங்கள் குடும்பம் கூடிய ஒரு நாளைப் பற்றிச் சொல்லுங்கள் என்று கேட்டாளாம். லின்ஸி அம்மாவின் அடக்கத்தைச் சொன்னாள். அந்தப் பெண் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாளாம். முடிந்ததும், அனுதாபமாகத்தான், ஒரு கேள்வி கேட்டாள். அப்போது நீங்கள் எங்கே நின்றுகொண்டிருந்தீர்கள்?

லின்ஸி வாயைத் திறக்கவில்லை. புரியவில்லையோ என்று அந்தப் பெண் மெதுவாக இன்னொரு முறை கேட்டாள். அப்புறம் வேறு ஏதேதோ கேட்டுப் பார்த்தாள். எதற்கும் பதில் இல்லை. நேரம் முடிந்துவிட்டது.

முடிவு வந்தது. மறுபடியும் தோல்வி. எனக்கு வந்த கோபத்தில் கேண்டீன் என்றுகூடப் பார்க்காமல் கத்தினேன்.

"பெட்டி பக்கத்துலன்னு சொல்லித் தொலைக்க வேண்டியதுதானேடி! தெரியாத வார்த்தையா? அவ என்ன ரோயிச்சன்கிட்ட வந்து வீடியோவை வாங்கிப் பாக்கப் போறாளா?"

"வார்த்தையெல்லாம் நாக்கு நுனியில இருந்துச்சு சேச்சி" என்றாள் லின்ஸி. "சொல்லியிருந்தா பாஸாகி கனடா போயிருப்பேன். நாளைக்கு அப்பச்சன் போறப்பவும் போன்லதான் நின்னிருப்பேன். அப்பவும் யாராவது கேப்பாங்கல்ல, நீ எங்க நின்னேன்னு?"

என் அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. என் விசா அந்த வாரம்தான் வந்திருந்தது. "உன்னைத் திருத்தவே முடியாதுடி" என்று அவள்மேல் எரிந்து விழுந்துவிட்டு டூட்டிக்குப் போனேன்.