யுகெத்தின் பிஸ்கட் டப்பா

அந்தத் திராட்சைத் தோட்டத்து மாளிகையின் சிவப்பு ஒயினைக் குடிப்பவர்கள் கண்ணை மூடிக்கொண்டு, ஊதாப்பூ வாசம் வருகிறது, பென்சில் சீவல் வாசம் வருகிறது என்பார்கள். யுகெத்தின் முதுகுவலி வாசம் மட்டும் இதுவரை யார் மூக்குக்கும் எட்டியதில்லை.

தோட்டத்தின் பதினான்காம் துண்டு நிலத்தில் ஆயிரத்து அறுநூறு திராட்சைக் கொடிகள். அவளும் ரொஜேயும் கல்யாணமான வசந்தத்தில் நட்டவை. முப்பத்தொன்பது வருடமாக நறுக்குவதும் கம்பியில் கட்டுவதும் துளிர் கிள்ளுவதும் அவள் ஒருத்திதான். வேறு யாராவது அந்தப் பக்கம் கத்தரிக்கோலோடு போனால், அவள் பார்க்கிற பார்வையில் கத்தரிக்கோலே மடங்கிக்கொள்ளும். அவளுக்குப் பிள்ளை இல்லை. கொடிகளுக்கு அது தெரியும் போல, விழுந்து விழுந்து காய்த்தன.

வயதான கொடிக்கு ஒரு நோய் வரும். இலை கோடு கோடாகக் காயும், பிறகு கொடி நின்றபடியே சாகும். நோய் கண்டதற்கு மஞ்சள் நாடா கட்டுவார்கள். நாடா இருந்தால் அறுவடைக்காரர்கள் அந்தக் கொடியின் பழத்தைத் தொடமாட்டார்கள். அறுவடைக்கு முன்பு மேலாளர் கஸ்தாஞே வந்து நாடாக்களை எண்ணுவார். கால்வாசி, அதாவது நானூறு வந்துவிட்டால் துண்டு மொத்தத்தையும் பிடுங்கிவிடுவார்கள்.

அந்த ஆகஸ்டில் நாடா கட்டிவிட்டு வந்த, கூட வேலை செய்யும் ஜிசேல் சிரித்தாள்.

"உன் பிள்ளைங்க எல்லாம் புலிவேஷம் கட்டிக்கிட்டு நிக்குதுங்கடி. ஆட மட்டும்தான் இல்ல."

ஞாயிற்றுக்கிழமை ஊரே சாப்பாட்டு மேசையில் இருந்த நேரம் யுகெத் துண்டுக்குப் போனாள். ஓரத்து வரிசைகளை விட்டுவிட்டு நடு வரிசைகளில் இருந்த நாடாக்களை அவிழ்த்து மேலங்கிப் பைக்குள் திணித்தாள். செத்த கொடியின் மேல் பக்கத்துக் கொடியின் பச்சைக் கிளையை இழுத்துக் கட்டினாள். எத்தனை அவிழ்த்தோம் என்று எண்ணவில்லை. எண்ணினால் அவிழ்க்க மனசு வராது.

கஸ்தாஞே எண்ணினார். இருநூற்றுப் பத்து. தப்பித்தது.

அறுவடைக்கு முன் நாடாக்களைத் திரும்பக் கட்டிவிடலாம் என்பது அவள் கணக்கு. வானிலைக்காரர்கள் மழை என்றார்கள், அறுவடை மூன்று நாள் முன்னால் வந்தது. பை நிறைய நாடாவோடு அவள் ஓடி வந்தபோது நடு வரிசைகள் மொட்டையாக நின்றன. நோய்ப் பழமும் நல்ல பழமும் ஒரே வண்டியில் போய்க்கொண்டிருந்தன. வண்டியை நிறுத்தச் சொல்ல ஒரு வார்த்தை போதும். அவள் நாடாக்களைக் கொண்டுபோய்ப் பிஸ்கட் டப்பாவில் போட்டு மூடினாள்.

ஜனவரியில், எது எந்தத் துண்டு என்று சொல்லாமல் கோப்பைகளை வைத்து ருசி பார்த்தார்கள். மறுநாள் கஸ்தாஞே அவள் வரிசைக்கே வந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

"கசக்குது யுகெத். முதல்தர ஒயினுக்கும் ஆகாது, இரண்டாந்தரத்துக்கும் ஆகாது. எண்ணிக்கை நல்லாத்தான் இருந்துச்சு, ஏன்னே புரியல. கிழடு தட்டிருச்சு போல. பிடுங்கிடலாம்னு முடிவு பண்ணிட்டாங்க."

சொல்லியிருக்கலாம். கொடி மேல் குற்றமில்லை, என் மேல்தான் என்று. ஓய்வூதியத்துக்கு இன்னும் இரண்டு வருடம். குடியிருக்கும் வீடும் மாளிகையுடையது.

"சரிங்க முசியே" என்றாள்.

பிப்ரவரியில் இயந்திரம் வந்து இரண்டே நாளில் பிடுங்கிப் போட்டது. வேர்க்கட்டைகளை வேலைக்காரர்களுக்கு அடுப்புக்குப் பங்கு பிரித்துக் கொடுப்பது அங்கே வழக்கம். பதினான்காம் துண்டு அவளுடையதாயிற்றே என்று பெரிய பங்காக அவள் வாசலில் கொட்டிவிட்டுப் போனார்கள். நல்ல மனசு.

கட்டை ஒரு வருடம் காய்ந்தது. அடுத்த குளிர்காலத்து ஞாயிறு ஒன்றில் ரொஜே கொல்லையில் அதை மூட்டி மாட்டுக்கறி வாட்ட இறங்கினான். கறியைச் சுற்றிக் கட்ட நூல் கேட்டான். நூல் தேடப்போன யுகெத்தின் கையில் பிஸ்கட் டப்பா அகப்பட்டது. ஒவ்வொன்றாக மேசையில் எடுத்து வைத்தாள். நூற்று நாற்பத்தேழு.

இருநூற்றுப் பத்தும் நூற்று நாற்பத்தேழும். அவள் விரலை மடக்கி மடக்கிக் கூட்டினாள். முந்நூற்று ஐம்பத்தேழு.

நானூறு வரவே இல்லை. ஒரு நாடாவைக்கூட அவிழ்த்திருக்க வேண்டாம்.

"நூல் கிடைச்சுதா?" கொல்லையிலிருந்து ரொஜே கேட்டான். "சீக்கிரம் வா. கட்டை என்னமா எரியுது பாரு, புகையே இல்ல."

"இல்ல, கிடைக்கல" என்றாள். முதல் நாடாவிலிருந்து மறுபடியும் எண்ணத் தொடங்கினாள்.