ஏறாத எண்

கூழ் அண்டாவைத் தரையில் வைத்த நாளிலிருந்து மாமா சோம்பேறி என்பதில் எங்கள் தெருவுக்குச் சந்தேகமே இருக்கவில்லை. குமணன்சாவடியில் எங்கள் தெரு அம்மனுக்கு ஆடி மாதம் கூழ் ஊற்றும்போது வீட்டுக்கு ஒரு ஆள் அண்டா தூக்க வேண்டும். கோயில் வாசலை அடையும்வரை அது மண்ணைத் தொடக் கூடாது. அப்பாவுக்கு ஆவடித் தொழிற்சாலையில் ஷிப்டு. அதனால் எங்களோடு தங்கியிருந்த அம்மாவின் தம்பி போனார். தெருமுனை திரும்புவதற்குள் "ஒரு நிமிசம் நைனா" என்று உட்கார்ந்துவிட்டார். அண்டாவும் உட்கார்ந்தது. கொஞ்ச நேரத்தில் எழுந்து, கோயில்வரை மூச்சு வாங்காமல் அவர் தூக்கிக்கொண்டு போனதை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

வேலையிலும் இதே கதைதான். செம்பரம்பாக்கம் பக்கம் புதிதாக முளைத்த குடோன்களில் பெட்டி ஏற்றப் போவார். முதல் லாரி பாதி நிறைவதற்குள் கை பிடித்துக்கொண்டது என்று உட்காருவார். மேற்பார்வையாளர் அனுப்பிவிடுவார். இப்படிப் பல குடோன்கள் ஆன பிறகு, அப்பா யார் யாரையோ பிடித்து இன்னொன்றில் சேர்த்துவிட்டார். திங்கட்கிழமை போக வேண்டும். அம்மா முன்கூட்டியே சொல்லிவிட்டாள்: "இதயும் உட்டுட்டு வந்தினா, இந்த ஊட்டு வாசப்படி மிதிக்காத."

மாமா என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். ஆனால் அன்று சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுந்துவிட்டார்.

அந்தத் திங்களுக்கு முந்தைய ஞாயிறுதான் அத்தை தன் கருவிகளோடு வந்தாள். அப்பாவின் தங்கை அவள். பூந்தமல்லி பக்கம் ஒரு கல்லூரியில் தசைகளை ஆராய்ந்துகொண்டிருந்தாள். நாம் தின்பதும் செய்கிற உடற்பயிற்சியும் தசை எரிக்கும் எரிபொருளை எப்படி மாற்றுகின்றன என்பது அவள் கேள்வி. அதற்கு ஜிம்முக்குப் போகிறவர்களும் வேண்டும், நடப்பவர்களும் வேண்டும், எதுவுமே செய்யாதவர்களும் வேண்டும். கடைசி வகைக்கு அவள் தேடவே இல்லை. "உங்கள விட்டா இந்த ஏரியாவுல ஆளே கிடையாது, வாங்க" என்று மாமாவைக் கூப்பிட்டாள். முறைப்பையன் என்பதால் அவளுக்கு வாய் கொஞ்சம் நீளம்.

எங்கள் மொட்டைமாடியில் பந்தல் போட்டு மேசை வைத்தார்கள். அத்தையோடு வேலை செய்யும் டாக்டர் ஒருவரும் வந்திருந்தார். கையில் பிடித்து இறுக்க ஒரு கருவி. எவ்வளவு பலமாக இறுக்குகிறார்கள் என்பதை அதன் முள் காட்டும். இறுக்குவதற்கு முன்னும் பின்னும் விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம். அதைச் சின்னப் பெட்டி ஒன்று உறிஞ்சிக்கொண்டு சில நொடிகளில் ஒரு எண்ணைக் காட்டும். தசை தன்னிடம் சேமித்த சர்க்கரையை அவசரமாக உடைத்தால் லாக்டிக் அமிலம் வரும், அந்த எண் ஏறும் என்றாள் அத்தை. எங்களுக்குக் காதில் விழுந்தது 'எண் ஏறும்' மட்டும்தான். தெருப் பிள்ளைகள் எல்லாரும் மாடிச்சுவரில் ஏறி உட்கார்ந்துகொண்டோம். எண்ணைப் படிக்கும் வேலை எனக்கு. நான் கத்தினால் கீழே தெருவரை கைத்தட்டல் கேட்டது. எதிர்வீட்டு ஜிம் அண்ணனின் எண் எல்லாரையும் தாண்டியபோது அவர் சட்டைக் கையைச் சுருட்டி மாடியை ஒரு சுற்று சுற்றிவந்தார்.

கடைசியில் மாமா உட்கார்ந்தார். இறுக்கினார். எல்லார் கண்ணும் பெட்டிமேல்; முள்ளை யாரும் கவனிக்கவில்லை. ரத்தம் எடுத்தார்கள். பெட்டியைப் பார்த்தேன். முன்பு இருந்த அதே எண்.

"ஏறல அத்தே!"

மாடியே சிரித்தது. "இன்னா மாமே, இங்கயும் அண்டாவ எறக்கிட்டியா?" என்றார் ஜிம் அண்ணன்.

அத்தைக்குக் கோபம் வந்துவிட்டது. "இது விளையாட்டு இல்ல. நீங்க இறுக்கவே இல்ல. என் வேலையைக் கெடுக்காதீங்க."

மாமாவின் முகம் மாறியதை அன்றுதான் பார்த்தேன். கொஞ்சம் ஓய்வெடுத்தபின் கருவியை மறுபடி வாங்கிக்கொண்டார். என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். "நீ முள்ளப் பாத்துகினே இரு. எறங்குச்சின்னா சத்தமா சொல்லு." பல்லைக் கடித்து இறுக்கினார். முள் ஜிம் அண்ணன் தொட்ட இடத்துக்கு அருகே போய் நடுங்கியது. கழுத்து நரம்பு புடைத்தது. "எறங்கல மாமா! எறங்கல!" என்று நான் குதித்தேன். பிள்ளைகளும் கத்தினார்கள். சிரித்தவர்களே இப்போது உற்சாகப்படுத்தினார்கள். பிறகு முள் மளமளவென்று விழுந்தது. கருவி கீழே உருண்டது. மாமாவின் விரல்கள் மட்டும் இறுக்கிய வாக்கில் அப்படியே நின்றுவிட்டன. விரிக்க முடியவில்லை.

அத்தை ரத்தம் எடுத்தாள். அதே எண். வேறொரு பெட்டியில் போட்டாள். அதிலும் அதே எண்.

டாக்டரும் அத்தையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அத்தை மாமாவின் முன்னால் முட்டிபோட்டு உட்கார்ந்தாள். கேள்விகள் படபடவென்று வந்தன. ஓட ஆரம்பித்ததும் கால் கல்லாகிவிடுமா? கொஞ்சம் நின்றுவிட்டுப் போனால் பிறகு எவ்வளவு தூரமும் போக முடியுமா? ரொம்பச் சிரமப்பட்ட நாளில் சிறுநீர் கறுப்பாகப் போகுமா?

"ஆமா," என்றார் மாமா ஒவ்வொன்றுக்கும். கடைசிக் கேள்விக்கு, "அது உனக்கு எப்டித் தெரியும்?" என்றார்.

அத்தை துள்ளி எழுந்தாள். ஆராய்ச்சி செய்கிறவர்கள் அப்படித் துள்ளுவார்கள் என்று எனக்கு அதுவரை தெரியாது. "புத்தகத்துலதான் படிச்சிருக்கேன்! லட்சத்துல ஒருத்தர்னு சொல்வாங்க, நம்ம வீட்டு மாடியில உக்காந்திருக்கார்!" பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு நிதானமாகச் சொன்னாள். "குடோன் நிறைய சர்க்கரை இருக்கு. கதவைத் திறக்கிற சாவிதான் உங்க தசைக்குப் பிறவியிலயே இல்லபோல. பெரிய ஆஸ்பத்திரியில பாத்து உறுதி பண்ணணும். அதுவரைக்கும் பாரம் தூக்கவே கூடாது. சிறுநீரகமே போயிடும்."

"அப்ப நாளைக்கு வேல?"

"போகக் கூடாது."

மாமா தன் கையைப் பார்த்தார். "நான் சோம்பேறி இல்லியா?"

"இல்ல."

"இத அக்காகிட்ட சொல்லு," என்றார்.

சொல்லத் தேவையிருக்கவில்லை. அம்மா எல்லாருக்கும் மோர் எடுத்துக்கொண்டு மாடிப்படி வாசலில்தான் நின்றிருந்தாள். தட்டை அங்கேயே சுவர்மேல் வைத்துவிட்டு வந்து, இறுகிக் கிடந்த அந்தக் கையைப் பிடித்தாள். "இழுக்காதீங்க அண்ணி, தானா விரியும்," என்றாள் அத்தை. அம்மா இழுக்கவில்லை. தன் இரண்டு கைகளுக்குள் வைத்துக்கொண்டாள்.

எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. லட்சத்தில் ஒருவர்! மாமா எல்லாரையும் ஜெயித்துவிட்டார். பிள்ளைகள் அதற்குள் கீழே ஓடிப்போய்த் தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஜிம் அண்ணன்கூடச் சுருட்டிய சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டார். மாமாவைத் தோளில் தூக்கிக்கொண்டு கோயில்வரை போய்வர வேண்டும் என்று நாங்கள் முடிவே செய்துவிட்டோம்.

"விடும்மா, எல்லாரும் கீழ காத்துகினு கீறாங்க," என்று அம்மாவின் முந்தானையைப் பிடித்து இழுத்தேன். மாமாவின் சுண்டுவிரல் விரிந்தது. பிறகு அடுத்தது. மெல்ல எல்லா விரல்களும் விரிந்தன. இனி என்ன, கை சரியாகிவிட்டதே என்று மறுபடி இழுத்தேன். அம்மா விடவில்லை.